ஆஸ்பத்திரி பட்ஜெட் போடுறவங்க முதல்ல வார்டுக்குப் போகணும்

ஆஸ்பத்திரி அக்கவுண்ட்ஸ்ல ரொம்ப வருஷமா இருக்கேன், சின்ன இடம் பெரிய இடம் ரெண்டுலயும் வேலை பாத்தாச்சு, பெரும்பாலான இடத்துல பட்ஜெட் எப்படிப் போடறாங்கன்னா போன வருஷ செலவை எடுத்து எல்லா ஹெட்டுக்கும், அதாவது செலவுத் தலைப்புக்கும், மேல ஒரு அஞ்சோ பத்தோ சதவீதம் ஏத்தி ஃபைலை மூடிடறாங்க. பாக்கறதுக்கு சுலபமாத்தான் இருக்கும். ஆனா போன வருஷம் வீணாப் போன காசு மேலயும் அதே பத்து சதவீதம் ஏறுது, போன வருஷம் ஆள் பத்தாம பொருள் பத்தாம இழுத்துப் பிடிச்சு ஓட்டின வார்டு இந்த வருஷமும் அப்படியே ஓட்டணும்னு அங்கயே முடிவாயிடுது. யாரும் வேணும்னு எடுத்த முடிவு இல்ல அது, ஆனா பாதிப்பு மட்டும் நிஜம்.

இதுக்கு மாற்றா ஜீரோ பேஸ்ட் பட்ஜெட்டிங்னு ஒண்ணு இருக்கு, 1970 வாக்குல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனில பீட்டர் பைர்ங்கறவர் கொண்டு வந்தது, ஒவ்வொரு செலவையும் பூஜ்யத்துல இருந்து ஏன் வேணும்னு நியாயப்படுத்தணும். யோசனை நல்லது. ஆனா மொத்த ஆஸ்பத்திரிக்கும் வருஷா வருஷம் இதைச் செய்யணும்னா டிபார்ட்மென்ட் ஹெட் எல்லாரும் நோயாளியை விட்டுட்டு ஷீட் நிரப்பிட்டுத்தான் உக்காரணும். நான் பாத்த வரைக்கும் சரியா வந்தது என்னன்னா, வருஷத்துக்கு ரெண்டு மூணு டிபார்ட்மென்ட்டை மட்டும் எடுத்து அடியிலிருந்து போடறது, ஒரு வருஷம் லேபும் லாண்டரியும், அடுத்த வருஷம் ஆபரேஷன் தியேட்டர், மத்ததெல்லாம் நோயாளி எண்ணிக்கையை வெச்சு திருத்திக்கறது.

முக்கியமான விஷயத்துக்கு வரேன். மத்த எந்தத் தொழில்லயும் செலவு பண்றவங்களுக்கும் கணக்கு பாக்கறவங்களுக்கும் இவ்ளோ தூரம் இருக்காது. இங்க டாக்டர் பேனாவை எடுத்து ஒரு டெஸ்ட் எழுதறப்பவே செலவு முடிவாயிடுது, சிஸ்டர் ஒரு பாக்கெட்டைப் பிரிக்கறப்ப செலவு ஆயிடுது, எங்க டேபிளுக்கு அது வர்றது பல வாரம் கழிச்சு ஒரு பில்லா மட்டும். அதனால அக்கவுண்ட்ஸ் ரூம்ல உக்காந்து போடற பட்ஜெட் எவ்ளோ அழகா இருந்தாலும் அதை யாரும் கடைப்பிடிக்க மாட்டாங்க, ஏன்னா கடைப்பிடிக்க வேண்டியவங்க கிட்ட யாரும் கேக்கவே இல்ல.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு வார்டுல கேனுலா (நரம்புல சொருகற மெல்லிசுக் குழாய்), ஐவி செட் (டிரிப்ஸ் ஏத்தற குழாய்), சிரிஞ்ச் செலவு ஒரே அடியா ஏறிக்கிட்டே போச்சு, மேனேஜ்மென்ட்ல இருந்து குறைக்கச் சொல்லி கடிதம் மேல கடிதம். நான் வார்டுக்குப் போய் இன்சார்ஜ் சிஸ்டர் கிட்ட அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னேன், கொஞ்சம் தயங்கிட்டுத்தான் திறந்தாங்க. மேல் தட்டுல லினன், அதுக்குப் பின்னாடி அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியா ஐவி செட், கீழ் டிராயர்ல கேனுலா சைஸ் வாரியா ரப்பர் பேண்ட் போட்டு, அதுல கொஞ்சம் ஏற்கனவே எக்ஸ்பைரி தாண்டினது. ஸ்டோர்ஸ்ல இருந்து இஷ்யூ ஆன உடனே எங்க புத்தகத்துல அது செலவு, ஆனா பொருள் இன்னும் அலமாரிலதான் தூங்குது. "ஏன் சிஸ்டர் இவ்ளோ"ன்னு கேட்டேன். "சார், நைட்டு ரெண்டு மணிக்கு இருபது நம்பர் சைஸ் கேனுலா இல்லன்னா ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும், அப்ப நீங்களா வந்து குடுப்பீங்க"ன்னாங்க. அந்தக் கேள்விக்கு எந்த சர்க்குலர்லயும் பதில் கிடையாது. அவங்க வீணடிக்கல, நோயாளிக்காக பயந்து சேத்து வெச்சிருக்காங்க, ஸ்டோர்ஸ் மேல நம்பிக்கை இல்லாததோட விலை அது.

அப்பறம் செஞ்சது ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு பொருளுக்கும் அந்த வார்டுல ஒரு நாளைக்கு எவ்ளோ ஓடுதுன்னு சிஸ்டர்ங்களே சொல்லி ஒரு அளவு குறிச்சோம், இண்டென்ட், அதாவது பொருள் கேட்டு சீட்டு, எழுதி ஆள் அனுப்பற வேலையை எடுத்துட்டு ஸ்டோர்ஸ் பையனே காலையிலயும் சாயங்காலமும் வந்து குறைஞ்சதை நிரப்பிட்டுப் போற மாதிரி மாத்தினோம், நைட்டுக்குன்னு ஒரு எமர்ஜென்சி பெட்டி சூப்பர்வைசர் கிட்ட. அலமாரி தானா காலியாச்சு. யாரையும் திட்டத் தேவையே வரல.

பார்மசிலயும் இதே கதைதான், அளவு மட்டும் பெருசு. ஏபிசி அனாலிசிஸ் எல்லாருக்கும் தெரியும், பணத்துல பெரும்பகுதியை விழுங்கற கொஞ்சம் ஐட்டம் ஏ, நடுவுல பி, எண்ணிக்கை நிறைய இருந்தும் பணம் குறைவா போறது சி. ஆனா இதை மட்டும் வெச்சு முடிவெடுத்தா ஆபத்து, ஏன்னா உயிர் காக்கற அட்ரினலின் இன்ஜெக்‌ஷன் விலைல பாத்தா சி-லதான் வரும். அதனாலதான் கூடவே விஇடி, அதாவது உயிருக்கு அவசியமானது, தேவையானது, இருந்தா நல்லதுன்னு மூணாப் பிரிக்கறது, அந்தப் பிரிவை டாக்டரும் பார்மசிஸ்டும்தான் செய்யணும், அக்கவுண்டன்ட் தொடக்கூடாது. ரெண்டையும் குறுக்கே வெச்சுப் பாத்தா, விலையும் கூட இருந்து அவசியமும் இல்லாத கட்டத்துல என்னென்ன கிடக்குதுன்னு தெரியும், முதல்ல கை வைக்க வேண்டியது அங்கதான். உலக சுகாதார நிறுவனம் 1977லயே அத்தியாவசிய மருந்துப் பட்டியல்னு ஒண்ணு கொண்டு வந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திருத்திட்டு வருது, சொந்தமா ஃபார்முலரி, அதாவது இந்த மருந்துங்களைத்தான் வெச்சுப்போம்னு ஒரு பட்டியல், இல்லாத ஆஸ்பத்திரி அதை வெச்சு ஆரம்பிக்கலாம், ஒரே மருந்து பல பிராண்டுல குவியறது அதுலயே குறையும். ரீஆர்டர் லெவல் கணக்கு: ஒரு நாள் உபயோகத்தை சப்ளை வர ஆகற நாளால பெருக்கி, மேல பாதுகாப்பு ஸ்டாக் சேக்கறது. எடுத்துக் குடுக்கறப்ப முதல்ல வந்தது முதல்லன்னு பாக்காம முதல்ல எக்ஸ்பைரி ஆகறது முதல்லன்னு பாக்கணும், ரெண்டும் ஒண்ணு இல்ல, பின்னாடி வாங்கின பேட்ச்ல தேதி கிட்ட இருக்கறது சகஜம்.

அடுத்தது சம்பளம். எந்த ஆஸ்பத்திரிலயும் செலவுல பெரிய பங்கு ஆளுங்களுக்குத்தான், செலவு குறைக்கணும்னா கண்ணு முதல்ல அங்கதான் போகும். இங்கதான் ஃபிக்ஸ்ட் (மாறாத செலவு), வேரியபிள் (நோயாளி எண்ணிக்கையோட ஏறி இறங்கற செலவு)னு ரெண்டா மட்டும் பிரிச்சா தப்பாயிடுது. நர்ஸ் செலவு படி படியா ஏறும். ஐசியுல ரெண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ்னு வெச்சா எட்டு பேருக்கு நாலு பேர் போதும், ஒன்பதாவது நோயாளி வந்தா ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆள் முழுசா ஏறணும், பாதி ஆள் போட முடியாது. இதை பட்ஜெட்ல ஏத்தாம சராசரி போட்டா ஒன்பதாவது ஆள் வர்ற நாளெல்லாம் ஓவர்டைம்தான், ஓவர்டைம் தொடர்ந்தா லீவு, லீவு தொடர்ந்தா ராஜினாமா, புது ஆளைத் தேடி எடுத்து அவங்க கை பழகற வரைக்கும் ஆகற செலவு எந்த ஹெட்லயும் தனியாத் தெரியாது. நல்ல சிஸ்டர் ஒருத்தர் வேலையை விட்டுப் போறது எவ்ளோ பெரிய பண நஷ்டம்னு நான் சொல்றப்பல்லாம் மீட்டிங்ல ஆச்சரியமாப் பாப்பாங்க, இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

படுக்கைக் கணக்குக்கு வருவோம், இதுல பேசறவங்க நிறைய, சரியா போடறவங்க குறைவு. 100 படுக்கை, 30 நாள், மொத்தம் 3000 படுக்கை நாள். அதுல 2400 நாள் நிரம்பியிருந்தா ஆக்குபன்சி 80 சதவீதம். அந்த மாசம் 600 பேர் டிஸ்சார்ஜ் ஆனா சராசரி தங்கல் 4 நாள். இதை மூணரை நாளாக்கினா அதே 600 பேருக்கு 2100 நாள் போதும், 300 படுக்கை நாள் மிச்சம். உடனே ஒருத்தர் ஒரு நாள் வாடகையை 300ஆல பெருக்கி இவ்ளோ சேமிப்புன்னு ஸ்லைடு போடுவார். அது நிஜமான சேமிப்பு இல்ல. ஒரு நோயாளிக்கு ஆகற செலவுல பெரும்பகுதி முதல் ரெண்டு நாள்லயே போயிடும், டெஸ்டு, ஆபரேஷன், ஐசியு எல்லாம் அப்பதான், கடைசி அரை நாள்ல நடக்கறது ஒரு ரவுண்ட்ஸும் நாலு மாத்திரையும். சம்பளமும் கரண்ட்டும் எப்படியும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அந்த 300 நாள்ல புது நோயாளிங்க வந்தா, மூணரை நாள் வீதம் சுமார் 85 பேர், அப்பதான் அது பணம். இல்ல வெளிய எமர்ஜென்சில படுக்கைக்காக ஸ்ட்ரெச்சர்ல காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு இடம் கிடைச்சா, அது பணத்தை விடப் பெருசு. ரெண்டும் இல்லன்னா ஷீட்ல மட்டும்தான் சேமிப்பு. இன்னொண்ணும் சொல்லணும், 1959லயே மேக்ஸ் ஷெயின், மில்டன் ரோமர்னு ரெண்டு பேர், படுக்கை எங்க அதிகமோ அங்க அட்மிஷன் நாளும் அதிகமா இருக்குன்னு காட்டினாங்க, கட்டின படுக்கை நிரம்பிடும்னு இன்னைக்கும் சொல்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். அதனால நிரம்பி வழியற வார்டைப் பாத்ததும் புது பிளாக் கட்டலாம்னு கிளம்பறதுக்கு முன்னாடி, இருக்கற படுக்கை எதனால காலியாகலன்னு பாக்கணும்.

பாத்தா பெரும்பாலும் காரணம் டிஸ்சார்ஜ்தான். காலை ரவுண்ட்ஸ்ல வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிடுவாங்க, சம்மரி டைப் ஆகறது மதியம், மிச்ச மருந்தை பார்மசில ரிட்டர்ன் எடுத்து முடிக்கறது மூணு மணி, இன்சூரன்ஸ் ஃபைனல் அப்ரூவல் சாயங்காலம், அதுவரைக்கும் நோயாளி டிரஸ் மாத்தி பையைக் கட்டி வெச்சுக்கிட்டு கட்டில்லயே உக்காந்திருப்பார், கீழ எமர்ஜென்சில அடுத்தவர் அதே கட்டிலுக்குக் காத்துக்கிட்டு இருப்பார். முந்தின நாள் சாயங்காலமே நாளைக்குப் போகக்கூடியவங்க லிஸ்ட் எடுத்து சம்மரியையும் பில்லையும் பாதி முடிச்சு வெச்சாலே இது நிறைய மாறும். காசு செலவே இல்லாத வேலை, டாக்டர், சிஸ்டர், பில்லிங் மூணு பேரும் ஒரே லிஸ்ட்டைப் பாக்கணும், அவ்ளோதான்.

ஆபரேஷன் தியேட்டர் பத்தி சுருக்கமா: ராபர்ட் கேப்லனும் ஸ்டீவன் ஆண்டர்சனும் 2004ல எளிமைப்படுத்தின முறை ஒண்ணு இருக்கு, நேரத்தை வெச்சு செலவு போடறது. தியேட்டரோட மாசச் செலவை நிஜமா உபயோகிக்கக்கூடிய நிமிஷத்தால வகுத்தா ஒரு நிமிஷத்தோட செலவு வரும், எந்த ஆபரேஷனுக்கு எவ்ளோ நிமிஷம்னு பெருக்கினா போதும். இதைப் போட்டு சர்ஜன்ங்க முன்னாடி வெச்சா, முதல் கேஸ் முக்கால் மணி லேட்டா ஆரம்பிக்கறதோட விலை என்னன்னு யாரும் விளக்கவே வேண்டாம்.

வருமானப் பக்கம் நிறைய பேருக்குப் புரியாத ஒண்ணு, பில் போட்டது வருமானம், ஆனா சம்பளம் போட அது உதவாது. கிளெய்ம் அனுப்பி பணம் வர்றதுக்கு நடுவுல ஒரு பெரிய ஆறு ஓடுது, லாபக் கணக்கு நல்லா இருந்தும் மாசக் கடைசில சப்ளையருக்கு செக் குடுக்க முடியாத ஆஸ்பத்திரிங்க இதுலதான் மூழ்குது. நிலுவைத் தொகையை ஒரு நாள் சராசரி வருமானத்தால வகுத்துப் பாருங்க, எத்தனை நாள் பணம் வெளிய நிக்குதுன்னு தெரியும், அந்த நம்பரை மாசா மாசம் சுவத்துல ஒட்டற அளவுக்கு முக்கியமா வெச்சுக்கணும். கிளெய்ம் ரிஜெக்ட் ஆகறதுக்கான காரணங்களை ஒரு தடவை உக்காந்து பிரிச்சா பெரும்பாலும் மருத்துவக் காரணமே இருக்காது, ப்ரீ-ஆத் (இன்சூரன்ஸோட முன் அனுமதி) வாங்காதது, அட்மிஷன் நோட்டுல வலது பக்கம்னும் டிஸ்சார்ஜ் சம்மரில இடது பக்கம்னும் எழுதினது, நோய்க்கான கோட் தப்பு, இம்பிளான்ட் ஸ்டிக்கர் ஃபைல்ல ஒட்டாதது, கெடு தாண்டி அனுப்பினது. இதெல்லாம் பில்லிங் கவுண்டர்ல தெரிய வர்றப்ப நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். அட்மிஷன் டேபிள்லயும் வார்டுலயும்தான் சரி பண்ண முடியும். அதனால ஜூனியர் டாக்டர்ங்களுக்கு ஒரு மணி நேரம் உக்காந்து எந்த வார்த்தை விட்டுப் போனதால எந்த கிளெய்ம் நின்னுச்சுன்னு நிஜ ஃபைலை பேரை மறைச்சு காட்டுவேன், நல்லாக் கேட்டுப்பாங்க, இதை யாரும் அவங்களுக்குப் படிக்கறப்ப சொல்லித் தர்றதில்லயே.

பேக்கேஜ் பேமென்ட், அதாவது ஒரு சிகிச்சைக்கு மொத்தமா ஒரே தொகைன்னு வந்ததுக்கப்பறம் மொத்த யோசனையும் மாறணும். யேல் பல்கலைக்கழகத்துல ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் நோயாளிங்களை ஒரே மாதிரி வளம் செலவாகற குழுக்களாப் பிரிச்ச டிஆர்ஜி முறையை, 1983ல அமெரிக்காவுல முக்கியமா வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் எடுத்துக்கிச்சு, குழுவுக்கு இவ்ளோன்னு ஒரே தொகை. அதுக்கப்பறம் பல நாடுங்க ஏதோ ஒரு வடிவத்துல அதே வழி. ஐட்டம் வாரியா பில் போட்ட காலத்துல ஒரு எக்ஸ்ட்ரா டெஸ்ட் வருமானம், பேக்கேஜ்ல அதே டெஸ்ட் செலவு. இதுல பயம் ஒண்ணு உண்டு, செலவைக் குறைக்கறேன்னு தேவையானதையும் குறைச்சு நோயாளியை சீக்கிரம் அனுப்பிடற ஆபத்து. அதனால செலவு அறிக்கை பக்கத்துலயே திரும்ப அட்மிட் ஆனவங்க எண்ணிக்கையும், ஆஸ்பத்திரிக்குள்ள வந்த இன்ஃபெக்‌ஷன் எண்ணிக்கையும் இருந்தே ஆகணும்னு நான் பிடிவாதமா இருப்பேன். இந்த ரெண்டு இல்லாத செலவு ரிப்போர்ட்டை வெச்சு யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

மெஷின் வாங்கறப்ப கொட்டேஷன்ல இருக்கற விலை ஆரம்பம் மட்டும்தான். சிடி ஸ்கேன்னா எக்ஸ்ரே ட்யூப் ஒரு நாள் தேய்ஞ்சு போகும், அதோட விலை தலையைச் சுத்த வைக்கும், மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்ல ட்யூப் சேந்திருக்கா இல்லையான்னு கையெழுத்துக்கு முன்னாடி பாக்கணும். லேப் மெஷினை இலவசமா வெச்சுட்டு ரீஏஜென்ட்டை, அதாவது டெஸ்ட்டுக்கு வேண்டிய கெமிக்கலை, அவங்க கிட்டயே வாங்கணும்பாங்க, தப்பில்ல, ஆனா குறைஞ்சபட்ச அளவு என்னன்னு பாத்து நம்ம டெஸ்ட் எண்ணிக்கை அதுக்கு வருமான்னு கணக்குப் போடணும். நன்கொடையா வர்ற மெஷினுக்கும் இதே கேள்விங்கதான், ஸ்பேர் எங்க கிடைக்கும், ஓட்டறது யாரு, ஸ்டேபிலைசர் வேணுமா, யார் சர்வீஸ் பண்ணுவா. பதில் இல்லன்னா பணிவா வேண்டாம்னு சொல்றது நல்லது, மூடி போட்டு மூலைல நிக்கற மெஷின் இடத்தையும் அடைக்குது, குடுத்தவங்க மனசையும் நோகடிக்குது. டிப்ரிஸியேஷன், அதாவது மெஷின் தேயறதுக்கு வருஷா வருஷம் கணக்குல எழுதற தொகை, காகிதச் செலவுதானேன்னு விடாம அதே அளவு பணத்தை தனியா ஒதுக்கினா பழைய மெஷின் ஓடாம நின்னு போறப்ப கடனுக்கு ஓட வேண்டியதில்ல.

பணம் குறையறப்ப முதல்ல வெட்டறது எது? மெயின்டனன்ஸ், டிரெய்னிங், கிருமி போக கைல தேய்ச்சுக்கற ஹேண்ட் ரப். இந்த மூணும் வெட்டினா அடுத்த மாசம் ஒண்ணும் தெரியாது, அதனாலதான் வெட்டறாங்க. ஆனா ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் காயத்துல இன்ஃபெக்‌ஷன் வந்தா கூடுதல் நாள், கூடுதல் ஆன்டிபயாடிக், சில சமயம் மறு ஆபரேஷன், பேக்கேஜ் தொகையோ அதேதான், எல்லாத்துக்கும் மேல அந்த மனுஷன் படற பாடு. 1847ல வியன்னாவுல செம்மல்வைஸ் குளோரின் தண்ணில கை கழுவ வெச்சே பிரசவ வார்டு சாவுங்களைக் குறைச்சுக் காட்டினார், அதுக்குப் பெரிய பட்ஜெட் தேவைப்படல. ஹேண்ட் ரப் லைனை எந்தக் குறைப்புலயும் தொடக்கூடாதுன்னு எழுத்துலயே வெச்சுடறது என் பழக்கம்.

மாசாந்திர ரிவ்யூல ஒரு நியாயம் வேணும். பட்ஜெட்ல 1000 நோயாளி, ஆளுக்கு 10 ஜோடி கிளவுஸ், மொத்தம் 10,000னு வெச்சோம். நடந்தது 1250 நோயாளி, 12,000 ஜோடி. நேராப் பாத்தா 20 சதவீதம் அதிகம், வார்டுக்கு விளக்கம் கேட்டு மெமோ போகும். ஆனா 1250 பேருக்கு 12,500 ஆகியிருக்கணும், 500 குறைச்சுத்தான் செலவழிச்சிருக்காங்க, பாராட்ட வேண்டிய வார்டுக்கு மெமோ அனுப்பறோம். அதனால நோயாளி எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி பட்ஜெட்டை மாத்திப் போட்டுட்டு, அப்பறம் மிச்ச வித்தியாசத்தை விலை ஏறினதாலயா அளவு கூடினதாலயான்னு பிரிக்கணும், விலைன்னா பர்ச்சேஸ் பதில் சொல்லணும், அளவுன்னாதான் வார்டு. இன்னொரு பழக்கம், ஒவ்வொரு இன்சார்ஜுக்கும் அவங்க கட்டுப்பாட்டுல இருக்கற செலவை மட்டும் ஒரு பக்கத்துல அனுப்புவேன், கட்டட வாடகையும் ஹெட் ஆபீஸ் பங்கும் போட்டு அனுப்பினா அவங்க அதைப் படிக்கவே மாட்டாங்க, அவங்க தப்பும் இல்ல. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கோட மட்டும் பாத்துப் பழகிட்டோம், அவங்க 1860ல லண்டன்ல நடந்த சர்வதேச புள்ளியியல் மாநாட்டுக்கு எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே மாதிரி படிவத்துல கணக்கு வெக்கணும்னு திட்டம் குடுத்தவங்க. நர்ஸுங்களுக்கு நம்பர் எதுக்குன்னு யாராவது சொன்னா இதைத்தான் சொல்லுவேன்.

கடைசியா ஒண்ணு, கட்ட முடியாதவங்களுக்கான சலுகை. பெரும்பாலும் இது பில்லிங் கவுண்டர்ல, அழற குடும்பத்துக்கு முன்னாடி, யாரைத் தெரியுமோ அவங்க போன்ல சொல்லி நடக்குது. யாரையும் தெரியாதவங்களுக்கு நடக்கறதே இல்ல. கணக்குல அது டிஸ்கவுண்ட்னு வருமானத்துல இருந்து கழிஞ்சு காணாமப் போயிடும். இதை தனி ஹெட்டா வருஷ ஆரம்பத்துலயே ஒதுக்கி மாசத்துக்குப் பிரிச்சு, குறிப்பிட்ட தொகை வரைக்கும் சமூக சேவகரே யாரையும் கேக்காம முடிவெடுக்கலாம், அதுக்கு மேல டாக்டரும் அக்கவுண்ட்ஸும் சேந்து அதே நாள்ல பதில் சொல்லணும்னு வெச்சோம். அட்மிஷன் ஆன மறுநாளே குடும்பத்தோட உக்காந்து எவ்ளோ ஆகும், எவ்ளோ முடியும்னு பேசிடறாங்க, அதனால டிஸ்சார்ஜ் அன்னைக்கு யாரும் கை கட்டி நிக்க வேண்டியதில்ல. மாசக் கடைசில மிச்சம் இருந்தா அடுத்த மாசத்துக்குப் போகும், வருஷக் கடைசில அந்தப் பணத்தை வேற ஹெட்டுக்கு மாத்த நாங்க கையெழுத்துப் போடறதில்ல.